நியூயார்க்கில் லாஃப்ட் வீடு: சோஹோவா, டம்போவா, ஆற்றுக்கு அக்கரையில் ஜெர்சி சிட்டியா?

வேலை மன்ஹாட்டனுக்கு மாற்றலாகிவிட்டது. வாடகைக்குத் தாராளமாகச் செலவழிக்க முடியும். பழைய தொழிற்கூடத்தை வீடாக்கிய பெரிய லாஃப்டில் சில வருடம் இருந்து பார்க்க வேண்டும் என்று ஆசை. ஆனால் எந்தப் பேட்டையில் எடுப்பது? புதிதாக வரும் நம்மவர்கள் பலரும் கடைசியில் மூன்று இடங்களுக்கு நடுவே மாட்டிக்கொள்கிறார்கள். மன்ஹாட்டனின் சோஹோ, டிரைபெக்கா பக்கம் ஒன்று. புரூக்ளின் கரையில் டம்போ ஒன்று. ஹட்சன் ஆற்றுக்கு அந்தப் பக்கம், நியூஜெர்சி மாநிலத்தில் இருக்கிற ஜெர்சி சிட்டி மூன்றாவது. படங்களில் மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும்: செங்கல் சுவர், பெரிய ஜன்னல், எட்டாத உயரத்தில் கூரை. குடியேறிய பிறகுதான் வித்தியாசம் புரியும்.

லாஃப்ட் என்பது அடிப்படையில் ஒரு பெரிய கூடம். அதனால் எத்தனை படுக்கையறை என்று விளம்பரத்தைப் பார்ப்பதைவிட, ஒரே நேரத்தில் எத்தனை கதவைச் சாத்த வேண்டியிருக்கும் என்று வீட்டில் உட்கார்ந்து பேசிப் பாருங்கள். பாதி முடிவு அங்கேயே வந்துவிடும்.

## எதை எதை வைத்துப் பார்ப்பது

வெளிச்சம். மன்ஹாட்டனில் பழைய மனைகள் பெரும்பாலும் 25 அடி அகலம், 100 அடி நீளம். இரண்டு பக்கச் சுவரும் அடுத்த கட்டடத்தோடு ஒட்டியிருக்கும். ஜன்னல் முன்னால் இருக்கும், பின்னால் இருக்கும். நடுவில் எதுவும் இருக்காது. விளம்பரப் படம் எல்லாமே முன் ஜன்னலை ஒட்டி எடுத்ததுதான். நடுவில் இருக்கிற நாற்பது, ஐம்பது அடி பகல் பன்னிரண்டு மணிக்கும் விளக்குப் போட்டால்தான் ஆகும்.

கதவு. இதுதான் குடும்பத்தோடு வருகிறவர்கள் கவனிக்கத் தவறுகிற விஷயம். வெளிப்பக்கம் திறக்கிற ஜன்னல் இல்லாத அறையை நியூயார்க்கில் படுக்கையறை என்று சொல்லி வாடகைக்கு விடக்கூடாது. அதனால் நடுப்பகுதியில் தடுத்த அறையை ஹோம் ஆபீஸ் என்று விளம்பரத்தில் போடுவார்கள். அந்தத் தடுப்புச் சுவர் பல வீடுகளில் கூரைவரை போகாது. வெளிச்சம் உள்ளே வரட்டும் என்று மேலே இரண்டு அடி விட்டிருப்பார்கள். ஒருவர் இரவு பத்து மணிக்குச் சென்னையில் இருக்கும் குழுவோடு பேசினால், அடுத்த பக்கம் தூங்குகிற குழந்தைக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்கும்.

சமையல் நெடி. தண்ணீர்க் குழாய் நடுவில்தான் ஏறும் என்பதால் அடுப்படியும் நடுவில்தான் இருக்கும். ஜன்னல் இல்லை. மேலே ஒரு சிம்னி இருக்கும், ஆனால் அது புகையை வெளியே தள்ளுகிறதா, வடிகட்டி வழியாகத் திரும்ப வீட்டுக்குள்ளேயே விடுகிறதா என்று பார்க்க வேண்டும். திரும்ப விடுகிற வகையாக இருந்தால், காய்ந்த மிளகாயைத் தாளித்த அடுத்த நிமிடம் படுக்கையில் இருப்பவர் இருமுவார். கூரையில் இருக்கும் புகை மணி அலறும். பதினான்கு அடி உயரத்தில் அலறும் மணியை நாற்காலி போட்டு ஏறி நிறுத்த முடியாது. வீடு பார்க்கப் போகும்போது சிம்னிக்கு மேலே இருக்கிற அலமாரியைத் திறந்து பாருங்கள். உள்ளே தகரக் குழாய் சுவரை நோக்கிப் போகிறதா என்று கண்ணால் கண்டால் சரி. "போகிறது" என்று ஏஜெண்ட் வாயால் சொல்வது போதாது.

கட்டடத்தின் காகிதம். தொழிற்கூடமாகக் கட்டியதில் குடியிருக்க அனுமதி இருக்கிறதா என்பது. இதைத் தனியாகப் பிறகு சொல்கிறேன்.

மொத்தச் செலவு. வாடகையோடு நகர வரி, குளிர்காலச் சூடு, கம்பளம், போக்குவரத்து எல்லாம் சேர்ந்தது.

## சோஹோ, டிரைபெக்கா

லாஃப்ட் வாழ்க்கை என்று உலகம் நினைப்பது பிறந்த இடம் இது. 19-ஆம் நூற்றாண்டில் துணிக் கிடங்குகளாகவும் பட்டறைகளாகவும் எழுந்த கட்டடங்கள். முகப்பை வார்ப்பிரும்பில் செய்ததால் கனத்த சுவர் தேவைப்படவில்லை. மெல்லிய தூண்களுக்கு நடுவே ஆளுயரத்துக்கும் மேலான ஜன்னல் வைக்க முடிந்தது. பிராட்வேயும் புரூம் தெருவும் சந்திக்கிற மூலையில் 1857-இல் கட்டிய ஹாவுட் கட்டடம் இன்னும் நிற்கிறது. ஓட்டிஸின் பயணிகள் லிஃப்ட் முதலில் ஓடியது அங்கேதான்.

பட்டறைகள் கிளம்பிப் போனபின் ஓவியர்களும் சிற்பிகளும் காலியான மாடிகளில் சட்டத்துக்குப் புறம்பாகக் குடியேறினார்கள். புரூம் தெரு வழியே ஒரு விரைவுச்சாலை போட்டு இதையெல்லாம் இடிக்கும் திட்டம் ஒன்று இருந்தது, 1969-இல் கைவிட்டார்கள். 1971-இல் சான்று பெற்ற கலைஞர்கள் குடியிருக்க நகரம் அனுமதி கொடுத்தது. 1973-இல் சோஹோ வரலாற்றுப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. டிரைபெக்காவின் பகுதிகளுக்கு அந்தப் பாதுகாப்பு 1991, 1992-இல் வந்தது.

இந்த வரலாறு உங்கள் லீஸில் நேராக வந்து உட்காரும். சோஹோவில் இன்றும் பல மாடிகள் காகிதத்தில் கலைஞர் வசித்து வேலை செய்யும் இடம் என்றே இருக்கின்றன. 2021-இல் பேட்டையின் மண்டல விதிகளை மாற்றினார்கள், ஆனால் ஒவ்வொரு மாடியின் காகிதமும் தானாக மாறிவிடவில்லை. அந்தக் கட்டடத்தின் குடியிருப்புச் சான்றை நகரக் கட்டடத் துறையின் தளத்தில் முகவரியைப் போட்டு யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். உங்கள் மாடிக்கு நேராக என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். குடியிருக்க அனுமதியே இல்லாத கட்டடத்தைப் பாதுகாப்புக் குறை சொல்லி நகரம் காலி செய்யச் சொல்லலாம். 1982-இல் வந்த லாஃப்ட் சட்டம் அப்படிப்பட்ட கட்டடங்களில் நெடுங்காலம் இருந்தவர்களைக் காப்பாற்றத்தான் வந்தது. புதிதாகச் சந்தை வாடகையில் நுழைகிறவர் அதை நம்பிக் கையெழுத்துப் போடக்கூடாது.

இன்னொன்று, இங்கே பெரும்பாலும் உங்கள் ஓனர் ஒரு தனி நபர். கட்டடம் கோ-ஆப் (வீட்டுக்காரர்கள் பங்கு வைத்துச் சேர்ந்து நடத்துவது) அல்லது காண்டோவாக (ஒவ்வொரு வீட்டுக்கும் தனி உரிமையாளர்) இருக்கும். ஓனர் சரி என்றாலும் கட்டடக் குழு உங்கள் வங்கிக் கணக்கு, பரிந்துரைக் கடிதம் எல்லாம் கேட்டு வாரக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். இத்தனை வருடத்துக்கு மேல் வாடகைக்கு விடக்கூடாது என்று பல கோ-ஆப்களில் விதி இருக்கிறது. பிள்ளையைப் பள்ளியில் சேர்த்த பிறகு ஓனரே விரும்பினாலும் நீட்டிக்க முடியாமல் போகலாம். முதல் பேச்சிலேயே கேட்டுவிடுங்கள்.

சத்தத்தை எடுத்துக்கொண்டால், மரத் தளம். மேல்மாடிக்காரர் செருப்போடு நடந்தால் கேட்கும். நீங்கள் நடந்தால் கீழே கேட்கும். அதனால் தளத்தில் 80 சதவீதத்தைக் கம்பளத்தால் மூட வேண்டும் என்று லீஸில் எழுதுவது நியூயார்க் வழக்கம். 2,000 சதுர அடி வீட்டுக்கு 1,600 சதுர அடி கம்பளம்! அழகான பழைய மரத்தரைக்காக ஆசைப்பட்டு எடுத்தவர் அதை மூடுவதற்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டும். கனால் தெருவை ஒட்டிய பகுதிகளில் ஹாலந்து சுரங்கப்பாதைக்குப் போகும் வண்டிகளின் ஹாரனும் சேரும்.

குளிர்காலம். 2,000 சதுர அடி, 13 அடி உயரம் என்றால் 26,000 கன அடி காற்றைச் சூடாக்க வேண்டும். சாதாரண எட்டரை அடிக் கூரைக்கு இது 17,000. சூடு மேலே போய் உட்கார்ந்துகொள்ளும், கால் குளிரும். அக்டோபர் 1 முதல் மே 31 வரை, பகலில் வெளியே 55 பாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் உள்ளே 68 இருக்க வழி செய்வது ஓனரின் பொறுப்பு. ஆனால் பல லாஃப்டுகளில் கூரையில் தொங்கும் தனி கேஸ் ஹீட்டர்தான். பில் உங்கள் பெயரில் வரும். வரலாற்றுப் பகுதியில் ஜன்னலை மாற்ற, நகரின் வரலாற்றுச் சின்னங்கள் பாதுகாப்பு ஆணையத்தின் அனுமதி வேண்டும் என்பதால், காற்றுப் புகும் பழைய ஜன்னல்களை ஓனர்கள் அப்படியே விட்டுவைப்பதும் உண்டு. போன குளிர்காலத்தின் ஜனவரி, பிப்ரவரி பில்லைக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் காரணம் இருக்கும்.

இவ்வளவையும் சொன்ன பிறகும், குழந்தை இல்லாத தம்பதிக்கோ வீட்டிலேயே ஓவியம், இசை, தையல் என்று இடம் பிடிக்கும் வேலை செய்கிறவருக்கோ இதற்கு ஈடு வேறு இல்லை என்றே நினைக்கிறேன். மாலை நாலு மணி வெயில் மேற்கு ஜன்னல் வழியே வார்ப்பிரும்புத் தூண்களைத் தாண்டி முப்பது அடி உள்ளே வந்து விழுவதைப் பார்த்தவர்களுக்கு, இந்த வீட்டுக்கு ஏன் இவ்வளவு கேட்கிறார்கள் என்று புரியும்.

## டம்போ

மன்ஹாட்டன் பாலத்தின் காலடியில் இருக்கிறது. அட்டைப்பெட்டித் தொழிலில் பெரும் பெயர் எடுத்த ராபர்ட் கேர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே கட்டிய தொழிற்சாலைகள் கான்கிரீட்டால் ஆனவை. அந்த ஒரு வித்தியாசம் பல தலைவலிகளைக் குறைக்கிறது. தளம் கான்கிரீட் என்பதால் மேல்மாடிக் காலடி அவ்வளவாகக் கேட்காது. தொழிற்சாலைகள் தெருமுனை வரை பரந்து கிடப்பதால், கட்டடத்துக்குள் நடுவே ஓடும் தாழ்வாரத்தின் இரு பக்கமும் வீடாகப் பிரித்திருப்பார்கள். ஒவ்வொரு வீடும் 100 அடி ஆழம் போகாது. இருட்டு நடுப்பகுதி சின்னது. 2007-இல் இதுவும் வரலாற்றுப் பகுதி ஆனது.

ஒரே நிறுவனம் முழுக் கட்டடத்தையும் வாடகைக்கு விடுவது இங்கே அதிகம். கட்டடக் குழு நேர்காணல் கிடையாது. வாசலில் ஆள் இருப்பார், பார்சலை வாங்கி வைப்பார். சோஹோவில் வாசலில் ஆள் இல்லாத சின்னக் கட்டடங்களில் பார்சல் காணாமல் போவதை அனுபவித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

குறை என்றால், பாலம்தான். பி, டி, என், கியூ என்று நான்கு சப்வே தடங்கள் மன்ஹாட்டன் பாலத்தின் மேல் திறந்தவெளியில் ஓடுகின்றன. பாலத்தைப் பார்த்த வீட்டில் ஜன்னலைத் திறந்தால் தொலைபேசியில் பேச முடியாது. அதே கட்டடத்தின் மறுபக்கத்தில் ஓரளவு அமைதி. வீடு காட்டுகிற அரைமணி நேரத்தில் ஜன்னல்கள் எல்லாம் சாத்தியே இருக்கும். நீங்களே போய்த் திறந்து, இரண்டு மூன்று ரயில் போகும்வரை நில்லுங்கள். வார இறுதியில் வாஷிங்டன் தெருவில் பாலத்தோடு படம் எடுக்க வரும் கூட்டம் நடைபாதையை அடைத்து நிற்கும்.

சின்னக் குழந்தை இருந்தால் புரூக்ளின் பாலப் பூங்கா வீட்டு வாசலிலேயே இருப்பது பெரிய விஷயம். யார்க் தெரு நிலையத்தில் எஃப் ரயில் ஏறினால் அடுத்த நிறுத்தமே மன்ஹாட்டன். கார் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு: 2025 ஜனவரி முதல் மன்ஹாட்டனில் 60-ஆம் தெருவுக்குக் கீழே கார் நுழைந்தால் நெரிசல் நேரத்தில் 9 டாலர். சோஹோவும் டிரைபெக்காவும் அதற்குள் வருகின்றன. ஞாயிறன்று ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலுக்குக் காரில் போய்த் திரும்பினாலும் அந்தக் கட்டணம் விழும். டம்போ அந்த எல்லைக்கு வெளியே இருக்கிறது.

## ஜெர்சி சிட்டி

நம்மவர்கள் பலர் இதை லாஃப்ட் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. நதிக்கரையில் கண்ணாடிக் கோபுரங்கள் மட்டும் கண்ணில் படுவதால் இருக்கலாம். நாலு தெரு உள்ளே போனால் வேறு ஊர். டிக்சன் பென்சில் செய்த ஜோசப் டிக்சன் கம்பெனியின் தொழிற்சாலை இன்று டிக்சன் மில்ஸ் என்ற பெயரில் அடுக்ககம். பே தெருப் பக்கம் பழைய கிடங்குகள் வீடாகியிருக்கின்றன. ஆற்றுக்கு அடியில் மன்ஹாட்டனுக்கு ஓடும் பாத் (PATH) ரயில் பாதைக்கு மின்சாரம் கொடுக்க 1908-இல் கட்டிய மின்நிலையத்தின் செங்கல் கட்டடம் அருகிலேயே நிற்கிறது.

பரப்பளவில் சோஹோவின் முழு மாடிக்கு இவை ஈடாகாது. உயரமும் பெரும்பாலும் குறைவு. ஆனால் வீடாக மாற்றும்போதே அறை அறையாகப் பிரித்த கட்டடங்கள் என்பதால் சாத்தக்கூடிய கதவு கிடைக்கும்.

பெரிய வித்தியாசம் வரியில்தான். நியூயார்க் நகரத்துக்குள் குடியிருந்தால் மாநில வரிக்கு மேல் நகர வருமான வரி தனியாக உண்டு, விகிதம் 3.078 முதல் 3.876 சதவீதம் வரை. ஆற்றைத் தாண்டிக் குடியிருந்தால், மன்ஹாட்டனில் வேலை பார்த்தாலும் அது கிடையாது. (நியூயார்க் மாநில வரி உண்டு, அதற்கு நியூஜெர்சி கழிவு கொடுக்கும்.) ஆண்டுக்கு 3,20,000 டாலர் வருமானமுள்ள தம்பதிக்கு நகர வரி ஏறக்குறைய 11,500 டாலர். மாதத்துக்கு 900 டாலருக்கு மேல். வாடகையை ஒப்பிடும்போது நியூயார்க் பக்கத்து வாடகையில் இதைக் கூட்டிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

குரோவ் தெரு நிலையத்திலிருந்து உலக வர்த்தக மையத்துக்குப் பாத் ரயிலில் பத்து நிமிடத்துக்குள் போய்விடலாம், இரவு முழுவதும் ஓடுகிறது. ஆனால் சப்வேயோடு சேர்ந்த கட்டணம் கிடையாது. இறங்கி சப்வே மாறினால் இரண்டாவது டிக்கெட். அலுவலகம் உலக வர்த்தக மையத்தைச் சுற்றி இருந்தால் லாபம், மன்ஹாட்டனின் நடுப்பகுதியான மிட்டவுனின் கிழக்கே இருந்தால் தினமும் இரட்டைச் செலவு. இட்லி அரிசி, கறிவேப்பிலை வாங்க ஜர்னல் ஸ்கொயர் பக்கத்து நியூவார்க் அவென்யூ ஒரே நிறுத்தம்தான்.

## எங்கே எடுத்தாலும்

நியூயார்க்கில் ஓனர்கள் மாத வாடகையின் 40 மடங்கு ஆண்டு வருமானம் கேட்பார்கள். 8,000 டாலர் வாடகை என்றால் 3,20,000. ஜாமீன் கொடுப்பவர் என்றால் பொதுவாக 80 மடங்கு. புதிதாக வந்தவருக்கு அமெரிக்கக் கடன் வரலாறு இருக்காது. பெங்களூரில் போலப் பத்து மாத அட்வான்ஸ் தருகிறேன் என்று சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். 2019 முதல் ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்குவது நியூயார்க்கில் சட்டவிரோதம். நியூஜெர்சியில் ஒன்றரை மாதம் வரை வாங்கலாம். கட்டணம் வாங்கி ஜாமீன் கொடுக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன, அல்லது உங்கள் கம்பெனியைக் கடிதம் கொடுக்கச் சொல்லலாம்.

2025 ஜூன் 11 முதல் நியூயார்க் நகரில் புரோக்கரை யார் அமர்த்தினாரோ அவரே கட்டணம் தர வேண்டும். ஓனரின் புரோக்கர் உங்களிடம் கேட்டால் மறுக்கலாம். நீங்களே ஒருவரை அமர்த்தினால் உங்கள் செலவு. இந்த விதி ஜெர்சி சிட்டிக்குப் பொருந்தாது.

வாடகை உயர்வைப் பற்றி ஏமாறாதீர்கள். நியூயார்க்கில் 2024-இல் வந்த நியாயமான காரணமின்றி வெளியேற்றக்கூடாது என்ற சட்டம் மிக உயர்ந்த வாடகை வீடுகளுக்கும், கோ-ஆப், காண்டோ வீடுகளுக்கும் பொருந்தாது. லாஃப்டுகள் பெரும்பாலும் அந்த விலக்கில்தான் வரும். 5 சதவீதத்துக்கு மேல் ஏற்றினால் முன்கூட்டியே எழுத்தில் சொல்ல வேண்டும் என்பது மட்டும் உண்டு: ஒரு வருடத்துக்குக் குறைவாக இருந்தவருக்கு 30 நாள், இரண்டு வருடம் வரை 60, அதற்கு மேல் 90. முடிந்தால் இரண்டாம் வருட வாடகையையும் இப்போதே எழுதி வாங்குங்கள்.

2012-இல் சாண்டி புயலின்போது மூன்று பேட்டைகளின் தாழ்வான தெருக்களுக்கும் தண்ணீர் வந்தது. நியூயார்க்கில் 2023 முதல் லீஸிலேயே வெள்ள வரலாற்றைச் சொல்ல வேண்டும். ஐந்தாவது மாடி என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். லிஃப்ட் மோட்டாரும் மின்பெட்டியும் அடித்தளத்தில் இருந்தால் ஐந்தாவது மாடிக்கும் அதே கதிதான்.

| | சோஹோ, டிரைபெக்கா | டம்போ | ஜெர்சி சிட்டி |
|---|---|---|---|
| நடுப்பகுதி வெளிச்சம் | குறைவு | பரவாயில்லை | வீட்டுக்கு வீடு மாறும் |
| சாத்தக்கூடிய கதவு | அரிது | ஓரளவு | எளிதில் கிடைக்கும் |
| முக்கியமான சத்தம் | மேல்மாடிக் காலடி | பாலத்து ரயில் | பெரிதாக இல்லை |
| ஓனர் | தனி நபர், கட்டடக் குழு | பெரும்பாலும் நிறுவனம் | இரண்டும் உண்டு |
| நகர வருமான வரி | உண்டு | உண்டு | இல்லை |
| மன்ஹாட்டனுக்குள் கார் கட்டணம் | வீடு திரும்பினாலே உண்டு | போனால் மட்டும் | போனால் மட்டும் |

## யாருக்கு எது

இரண்டு பேர், இருவரும் பகலில் அலுவலகம் போகிறவர்கள், இரண்டு மூன்று வருடத்துக்கு மேல் தங்கும் எண்ணமில்லை: சோஹோ அல்லது டிரைபெக்கா. காகிதம் சரியாக இருக்கும் வீடாகப் பார்த்துக் கொஞ்சம் காத்திருந்து எடுங்கள்.

சின்னக் குழந்தை, ஒருவர் வீட்டிலிருந்து வேலை: டம்போ, பாலத்துக்கு எதிர்ப்பக்கம் பார்த்த வீடு.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து ஆறு மாதம் தங்குவார்கள் என்றால் நான் தயங்காமல் ஜெர்சி சிட்டி என்பேன். காலை ஐந்து மணிக்கு எழுந்து காபி போடுகிறவர்களும் இரவு ஒரு மணிக்குப் படுக்கிறவர்களும் ஒரே கூடத்தில் இருக்க முடியாது. பகல் முழுவதும் வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கு, நடந்தே போகிற தூரத்தில் ரயில், ஒரே நிறுத்தத்தில் நம் கடைகள் என்பது பதினான்கு அடிக் கூரையைவிடப் பெரிது. வரியில் மிச்சமாகும் 900 டாலரில் இன்னொரு அறையுள்ள வீட்டையே எடுத்துவிடலாம். அந்த அறைக்கு ஜன்னல் இருக்கிறதா, கதவு கூரைவரை போகும் சுவரில் மாட்டியிருக்கிறதா என்பதை மட்டும் நேரில் போய்ப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.